கடலோரப் பணியில் எஸ்.எல்.ஆர். ரைஃபிள்: கையாள்வதும் பராமரிப்பதும்

ரைஃபிளைக் காலி செய்யும்போது மேகசினை (தோட்டாக்கள் இருக்கும் பெட்டி) முதலில் கழற்றுங்கள், காக்கிங் ஹேண்டிலை (துப்பாக்கியைத் திறக்கப் பின்னுக்கு இழுக்கும் கைப்பிடி) அப்புறம் இழுங்கள். ரைஃபிள் பற்றி என்னிடம் கேட்க வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த வரிசையைத்தான்.

கடலூர் வெள்ளிக் கடற்கரையில் விடியற்காலையில் போலீஸ் வேலைக்கும் துணை ராணுவத்துக்கும் ஓடிப் பழகுகிற தம்பி தங்கைகளைப் பார்க்கலாம். அவர்களில் சிலர் தேர்வாகி, பயிற்சி முடித்து, கையில் ரைஃபிளோடு பணிக்குப் போன பிறகு விடுப்பில் வரும்போது என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். நான் ராணுவத்தில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். கழற்றுவது, மாட்டுவது, துரு எடுப்பது இதுதான் என் தொழில். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த ரகத் துப்பாக்கி சாதாரண உரிமத்தில் பொதுமக்கள் கைக்கு வருவதில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதில் கண்டிப்பாக இருக்கிறது. ஆகவே இது பணியில் ஆயுதம் ஒப்படைக்கப்பட்டவர்களுக்கான குறிப்பு. உங்கள் பிரிவின் ஆணை ஏதாவது ஒன்றில் வேறு மாதிரி சொன்னால் அந்த ஆணைப்படியே செய்யுங்கள்.

நான் எடுத்துக்கொள்வது 7.62 எம்.எம். எஸ்.எல்.ஆர்., அதாவது அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள். மேற்கு வங்கத்தில் உள்ள இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது. பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். ரைஃபிள்தான் இதற்கு மூலம். மேகசினில் 20 ரவுண்டு (தோட்டா) பிடிக்கும், காலியாகவே நாலு கிலோவுக்கு மேல் கனக்கும். ராணுவத்தில் இன்சாஸ் என்ற புது ரைஃபிள் வந்த பிறகு படைப்பிரிவுகளிலிருந்து இது மெல்ல விலகியது. ஆனால் போலீஸ் ஆயுதப்படைகளில் இதைத் தோளில் மாட்டிக் காவல் நின்றவர்கள் ஏராளம்.

இது வேலை செய்கிற விதம் தெரிந்தால் அந்த வரிசை ஏன் என்பது தானாகப் புரியும். ரவுண்டு வெடித்ததும் பேரலில் (குழலில்) இருக்கிற ஒரு சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு மேலே ஏறி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். பிஸ்டன், முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடை இடிக்கும். ஸ்லைடு பின்னால் போகும்போது பேரலின் பின்வாயை அடைத்து நிற்கிற ப்ரீச் பிளாக்கைத் தூக்கிப் பூட்டிலிருந்து விடுவிக்கும், காலிக் கூடு வலப்பக்கம் தெறிக்கும். தோளில் பதிகிற பின்கட்டைக்குள் இருக்கிற ரிட்டர்ன் ஸ்பிரிங் எல்லாவற்றையும் திரும்ப முன்னால் தள்ளும்போது மேகசினில் அடுத்து நிற்கிற ரவுண்டு சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் ரவுண்டு உட்காரும் அறை) போய் உட்கார்ந்துவிடும். டிரிகரை ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டு போகும், அடுத்தது தயாராக நிற்கும். போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுகிற பழைய .303 ரைஃபிள் போல, நீங்கள் ஏற்றினால்தான் ஏறும் என்ற நிலை இதில் இல்லை.

இப்போது மேகசின் மாட்டியபடியே ஒருவர் காக்கிங் ஹேண்டிலை இழுத்து விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேம்பரில் இருந்த ரவுண்டு வெளியே விழும். அவர் அதைக் கண்ணால் பார்க்கிறார், காலி செய்துவிட்டோம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றுகிறார். ஆனால் ஹேண்டிலை விட்ட அந்த நொடியிலேயே அடுத்த ரவுண்டு உள்ளே போய்விட்டது. கையில் மேகசின் இருக்கிறது, தரையில் ஒரு ரவுண்டு கிடக்கிறது, சேம்பரில் இன்னொன்று இருக்கிறது. துடைப்பதற்கு முன் டிரிகரை அழுத்துகிறவர் காலித் துப்பாக்கி என்று நம்பித்தான் அழுத்துகிறார். பாரக்கில் நடக்கிற விபத்துகளில் இந்த மாதிரியானது எல்லா நாட்டுப் படைகளிலும் உண்டு. செய்தவர்கள் அசட்டையானவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வரிசை மாறிப்போனது, அவ்வளவுதான். உயிர் போவதற்கு அது போதும்.

காலி செய்யும் முறை

பேரல் வாய் ஆளில்லாத பக்கம் இருக்கட்டும். காவல் கூடங்களில் இதற்கென்றே மணல் மூட்டைகளோ மணல் பெட்டியோ வைத்திருப்பார்கள், அதைப் பார்த்து நில்லுங்கள். ஆள்காட்டி விரல் டிரிகர் கார்டுக்கு வெளியே, பாடியை (ரைஃபிளின் நடு உடல்) ஒட்டி நீட்டியபடி இருக்க வேண்டும். இடப்பக்கம் இருக்கிற லீவர் சுடாமல் பூட்டி வைக்கிற 'எஸ்'-இல் இருக்கிறதா என்று கட்டைவிரலால் தொட்டுப் பாருங்கள். மேகசினைக் கழற்றிப் பவுச்சில் போட்டு மூடுங்கள், கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிறகு காக்கிங் ஹேண்டிலைப் பின்னுக்கு முழுசாக இழுத்து, ஹோல்டிங் ஓப்பன் டிவைஸை அழுத்தித் திறந்தபடி நிறுத்துங்கள். உள்ளே ரவுண்டு இருந்திருந்தால் வெளியே வந்திருக்கும்.

வந்தாலும் வராவிட்டாலும் சேம்பரைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாருங்கள். பார்த்த பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். காலிச் சேம்பரின் விளிம்பு வளையமாகத் தட்டுப்படும், நடுவில் விரல்நுனி வெற்றாகப் போகும். ரவுண்டு இருந்தால் விரல்நுனியில் தட்டையாக, சில்லென்று பித்தளை முட்டும். இரவுப் பணியில் கண்ணை நம்புவதைவிட இந்த விரலை நம்பலாம். ரவுண்டைக் கொக்கி போட்டு வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்துபோன ரைஃபிளில் ரவுண்டு வெளியே வராமல் உள்ளேயே நின்றுவிடுவது உண்டு, அதனால்தான் இழுத்ததோடு விடக்கூடாது என்கிறேன். பக்கத்தில் இருக்கிறவரையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்களைவிட மூத்தவராக இருந்தாலும் கேளுங்கள். உண்மையில் மூத்தவர்கள் அதை மதிப்பார்கள்.

ஒருவரிடமிருந்து ரைஃபிளை வாங்கும்போதும் இதே சோதனைதான். அவர் இப்போதுதான் உங்கள் கண்முன்னே பார்த்தார் என்றாலும் நீங்கள் ஒரு தடவை பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடற்கரைப் பணியில் இருக்கிறவர்களுக்குக் கடல்தான் பாதுகாப்பான திசை என்று தோன்றும். இந்தக் குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் கிளம்புகிறது, கிலோமீட்டர் கணக்கில் போகும். தண்ணீரில் சாய்வாகப் பட்டால் துள்ளி வேறு திசையில் பாயும். தேவனாம்பட்டினத்திலிருந்து வைத்திக்குப்பம் வரை எந்த நேரத்திலும் கடலில் படகு இருக்கும், இருட்டில் நமக்குத் தெரியாது. குண்டைத் தாங்கி நிறுத்துவது மண்மேடு. கடலுக்கு அந்த வேலை தெரியாது.

சுடும்போது நின்றுபோனால்

டிரிகரை அழுத்தியும் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் உடனே திறந்து பார்க்காதீர்கள். சில ரவுண்டுகள் தாமதித்து வெடிக்கும். பேரல் வாய் இலக்கை நோக்கியே இருக்க, விரலை வெளியே எடுத்துவிட்டு அரை நிமிடம் பொறுங்கள், கையைத் தூக்கி அதிகாரியிடம் தெரிவியுங்கள். வழக்கமான வெடிச்சத்தம் இல்லாமல் 'புஸ்' என்று அமுங்கிய சத்தம் வந்தால் அது இன்னும் கவனிக்க வேண்டியது. குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் பிளக்கும். அங்கேயே நிறுத்தி, காலி செய்து, ஆர்மரரைக் கூப்பிடுங்கள்.

காலிக் கூடு முழுசாக வெளியேறாமல் மாட்டிக்கொள்வது, ஸ்லைடு பாதியில் நிற்பது போன்றவை பெரும்பாலும் அழுக்கினால் வருகிறவை. கேஸ் ரெகுலேட்டரைத் திருகி வாயுவைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் உடனே அதில் கை வைப்பார்கள். சுடுதளத்தில் அவசரத்துக்கு அதற்கு ஒரு முறை உண்டு. ஆனால் அழுக்கை விட்டுவிட்டு வாயுவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு சூடும் ஸ்லைடையும் பாடியையும் தேவைக்கு மேல் அடிக்கும். முதலில் துடையுங்கள்.

பிரித்துத் துடைப்பது

சுத்தம் செய்கிற இடத்தில் ஒரு ரவுண்டுகூட இருக்கக்கூடாது. மேகசின், பவுச் எல்லாம் வேறு அறையிலோ குறைந்தது வேறு மேசையிலோ இருக்கட்டும்.

காலி என்று உறுதியானதும் பாடியின் இடப்பக்கப் பின்புறத்தில் இருக்கிற லீவரைத் தள்ளினால் ரைஃபிள் நடுவில் மடிந்து திறக்கும். ஸ்லைடின் வால் போன்ற தண்டைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தால் ஸ்லைடும் ப்ரீச் பிளாக்கும் சேர்ந்து வரும். மேல் கவரையும் பின்பக்கமாக உருவிவிடுங்கள். ப்ரீச் பிளாக்கை ஸ்லைடிலிருந்து பிரிக்கலாம். முன்னால் கேஸ் சிலிண்டரை மூடியிருக்கிற கேஸ் பிளக்கைக் கழற்றும்போது உள்ளே பிஸ்டன் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு முகத்தை விலக்கியபடி எடுங்கள். சிப்பாய் அளவில் இதற்கு மேல் பிரிக்கத் தேவையில்லை. டிரிகர் மெக்கானிசம் ஆர்மரர் வேலை.

நாலைந்து பேர் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்து துடைக்கும்போது ப்ரீச் பிளாக் மாறிப்போவதை நான் ரொம்பவே கவனிப்பேன். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், மாட்டினால் மாட்டிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு ரைஃபிளிலும் பூட்டு உட்காருகிற இடைவெளி தனித்தனியாகச் சரிபார்த்து வைத்தது. மாறினால் சுடும்போது கூடு கிழியலாம். நம்பரைப் பார்த்து, பாடி நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று வாய்விட்டுப் படித்து மாட்டுங்கள்.

பேரலுக்குப் புல்-த்ரூ, அதாவது ஒரு முனையில் எடை கட்டிய கயிறு. துடைக்கிற சிந்தி (துணித்துண்டு) 4-க்கு 2 அங்குலம், எண்ணெய் போடுகிறது 4-க்கு ஒன்றரை. எண்ணெய்ச் சிந்தி சின்னதாக இருப்பதற்குக் காரணம், பெரிதாக இருந்தால் இறுக்கத்தில் எண்ணெயெல்லாம் சேம்பரிலேயே பிழிந்துவிடும். புல்-த்ரூவின் எடையைச் சேம்பர் பக்கமிருந்து விட்டு, பேரல் வாய் வழியாக ஒரே இழுப்பில் இழுங்கள். நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறு வாயின் விளிம்பை உரசி உரசி வருடக்கணக்கில் ஒரு பள்ளம் விழுந்துவிடும், அப்புறம் அந்த ரைஃபிள் குறி தவறிக்கொண்டேதான் இருக்கும். சிந்தி கறுப்பில்லாமல் வரும்வரை மாற்றி மாற்றி இழுத்துவிட்டு, சேம்பர் வாயில் கட்டைவிரல் நகத்தை வைத்து வெளிச்சத்தை உள்ளே திருப்பி, மறுமுனையிலிருந்து பாருங்கள். ப்ரீச் பிளாக் தனியே கழற்றி வெளியே வைத்திருக்கும்போது மட்டும்தான் பேரல் வாயில் கண் வைக்கலாம். உள்ளே வரிகள் கூர்மையாகப் பளபளக்க வேண்டும். மங்கலாகப் புகை படிந்த மாதிரி தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

பிஸ்டன், கேஸ் சிலிண்டர் இரண்டையும் கரி போகத் துடைத்து உலர்வாகவே மாட்டுங்கள். அங்கே எண்ணெய் போட்டால் அடுத்த சூட்டில் எரிந்து கெட்டியான கரியாகிவிடும். ஸ்லைடு ஓடுகிற தடங்கள், ப்ரீச் பிளாக்கின் உரசும் முகங்கள், இவற்றுக்கு எண்ணெய் வேண்டும். அளவு? தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்போமே, அந்த மினுமினுப்பு. வழிந்தால் அதிகம். மேகசினுக்குள் எண்ணெய் வேண்டாம், ரவுண்டில் சுத்தமாக வேண்டாம். சுடப்போகும் நாளில் பேரலும் சேம்பரும் உலர்ந்திருக்க வேண்டும்.

சுட்ட அன்று துடைத்ததோடு முடிந்ததாக நினைக்காதீர்கள். அடுத்த மூன்று நான்கு நாளும் ஒரு சிந்தி இழுத்துப் பாருங்கள், கறுப்பு திரும்ப வரும்.

நம் ஊர்க் காற்று

மற்ற ஊரில் மாதக்கணக்கில் தாங்குகிற ரைஃபிள் கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேட்கவே வேண்டாம். பணி முடிந்து வந்ததும் வெளி உலோகம் முழுவதையும் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள், உங்கள் வியர்வைக்கும் சேர்த்துத்தான் இது. துரு முதலில் வருகிற இடங்கள் கண்ணில் படாதவை: மரக் கைப்பிடி உலோகத்தோடு சேருகிற விளிம்பு, முன்குறியின் அடிப்பகுதி, மேகசின் கேட்ச், ஸ்லிங் (தோள் வார்) வளையத்தின் உட்பக்கம். பருத்தி ஸ்லிங்கை அவ்வப்போது நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள், அது உப்பைக் குடித்து வைத்திருக்கும். துணி உறைக்குள் போட்டு மூடிவைப்பது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். உறை ஈரமானால் துரு உள்ளே சத்தமில்லாமல் வேலை பார்க்கும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்து வந்தால் உலோகம் வியர்க்கும், அந்த ஈரம் போகத் துடைத்துவிட்டு அப்புறம் நில்லுங்கள். கைக்குக் கிடைத்தது என்று தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாகி ஸ்லைடைப் பிடிக்கும். மண்ணெண்ணெய் கரி எடுக்க உதவும், ஆனால் துருவைத் தடுக்காது. கழுவிவிட்டு முழுவதும் துடைத்துத் துப்பாக்கி எண்ணெய் போட வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறியது போல இன்னொன்று வரலாம், 2015 போல வெள்ளமும் வரலாம். ரைஃபிள் கடல்நீரிலோ வெள்ளத்திலோ முங்கிவிட்டால் காய்ந்த பிறகு பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். காலி செய்து, பிரித்து, உடனே நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். தண்ணீர் ஊற்றினால் துருப்பிடிக்குமே என்று தயங்குகிறார்கள். உப்பும் சேறும் செய்கிற கேட்டோடு ஒப்பிட்டால் நல்ல தண்ணீர் ஒன்றும் செய்யாது. அந்த .303 காலத்தில் சுட்டு முடித்ததும் பேரலுக்குள் கொதிநீர் ஊற்றியே, சுட்டதில் படிந்த உப்பைக் கரைத்தார்கள். அலசியதும் நிழலில் காற்றாட வைத்து, மூலை முடுக்கெல்லாம் உலர்த்தி, எண்ணெய் போட்டு மாட்டுங்கள். முங்கிய ரவுண்டுகளை நல்லவற்றோடு கலக்காமல் தனியே கட்டி எழுதிக் கொடுத்துவிடுங்கள். ரைஃபிளையும் ஆர்மரர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை சுடக்கூடாது.