சர்வர் மெதுவாகிறதா? காரணம் டிஸ்க்கா, புராசஸரா என்று பார்க்கும் முறை

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடைகளின் இணையத்தளங்களில் ஆர்டர் குவியும். பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று வாட்ஸ்அப்பில் புகாரும் வரும். உடனே கூடுதல் வெள்ளி கட்டிப் பெரிய சர்வருக்கு மாறிவிடுகிறார்கள். தளத்தைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால் கொஞ்சம் பொறுங்கள். டிஸ்க் திணறும்போது கோர்களை (புராசஸருக்குள் வேலை செய்யும் அலகுகளை) இரட்டிப்பாக்கினால் காசுதான் போகும்.

உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ் சர்வருக்குள், தொலைவிலிருந்து இணையும் எஸ்எஸ்எச் வழியாக நுழையத் தெரிந்தால் போதும். கட்டளைகளைச் சிறிய ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. சுமை எவ்வளவு?

'அப்டைம்' என்று கொடுங்கள். வரியின் கடைசியில் வரும் மூன்று எண்கள், கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமை, அதாவது ஓடிக்கொண்டும் காத்துக்கொண்டும் இருந்த வேலைகளின் எண்ணிக்கை. அப்புறம் 'என்ப்ராக்' கொடுத்தால் கோர் எண்ணிக்கை தெரியும். 4 கோர் சர்வரில் சுமை 3 என்றால் கவலையில்லை. 12 என்றால் வேலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. முதல் எண் பெரிதாகவும் மூன்றாவது சிறிதாகவும் இருந்தால் சிக்கல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

சுமை ஏறினாலே புராசஸர் போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். டிஸ்க்கின் பதிலுக்காக அசையாமல் காத்திருக்கும் வேலைகளையும் லினக்ஸ் இந்தக் கணக்கில் சேர்க்கிறது. ரொட்டி சானாய் கடையில் வரிசை வாசல் வரை நீண்டிருக்கும், ஆனால் மாவு வராததால் ரொட்டி போடுபவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் இன்னொரு ஆளை வேலைக்கு வைத்து என்ன பயன்?

2. டாப்

'டாப்' கொடுத்து, சிபியு என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். 'யூஎஸ்' உங்கள் நிரல்கள் எடுக்கும் விழுக்காடு, 'எஸ்ஒய்' இயங்குதளத்தின் மையமான கெர்னல் எடுப்பது, 'ஐடி' சும்மா இருப்பது. 'டபிள்யூஏ' என்பது டிஸ்க்குக்காகக் காத்திருந்து சும்மா கழிந்த நேரம். சுமை அதிகம், யூஎஸ் குறைவு, டபிள்யூஏ அதிகம் என்றால் டிஸ்க்கின் மேல்தான் சந்தேகம். ஆனால் புராசஸருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டால் டபிள்யூஏ குறைந்து தெரியும். அதனால் அதை மட்டும் நம்பி டிஸ்க்கை விடுவிக்க வேண்டாம்.

எண் 1-ஐ அழுத்தினால் ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தெரியும். ஒரு கோர் மட்டும் நிரம்பி மற்றவை ஓய்வாக இருந்தால், ஏதோ ஒரு நிரல் ஒரே கோரில் ஓடுகிறது. கோர்களைக் கூட்டுவது அதற்கு உதவாது. 'எஸ்டி' ஏறியிருந்தால், உங்கள் மெய்நிகர் சர்வருக்கு உரிய நேரத்தை அடியில் உள்ள இயந்திரம் தரவில்லை என்று பொருள். அதைச் சேவை தருபவரிடம் கேட்க வேண்டும்.

3. டிஸ்க்

'சுடோ ஏபிடி இன்ஸ்டால் சிஸ்ஸ்டாட்' என்று நிறுவிவிட்டு, 'ஐஓஸ்டாட் -எக்ஸ் 5' கொடுங்கள். 5 விநாடிக்கு ஒருமுறை அட்டவணை வரும். முதல் அட்டவணை சர்வர் இயங்கத் தொடங்கியதிலிருந்தான சராசரி என்பதால் அதை விட்டுவிடுங்கள்.

'ஆர் அவெய்ட்', 'டபிள்யூ அவெய்ட்' ஆகிய இரண்டும் ஒரு வாசிப்போ எழுத்தோ முடிய ஆகும் மில்லிவிநாடிகள். சுழலும் வன்தட்டில் 10 என்பது இயல்பு. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் அது 30, 40 என்று தொடர்ந்து நின்றால் டிஸ்க் தவிக்கிறது. கடைசியில் வரும் 'யூட்டில்' 100 என்று காட்டினால் பதறாதீர்கள். எஸ்எஸ்டி ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கவனிக்கும், 100 காட்டும்போதும் அதற்கு இன்னும் திறன் மீந்திருக்கலாம். என்னைக் கேட்டால், காத்திருப்பு நேரத்துக்குத்தான் முதல் மதிப்பு.

டிஸ்க்கை யார் வாட்டுகிறார்கள் என்று அறிய ஐஓடாப்பை நிறுவி 'சுடோ ஐஓடாப் -ஓ' கொடுங்கள். கையோடு 'விஎம்ஸ்டாட் 5' ஓடவிட்டு 'எஸ்ஐ', 'எஸ்ஓ' பத்திகளையும் பாருங்கள். அவை பூஜ்யமாக இல்லாமல் தொடர்ந்து ஓடினால் ரேம் போதாமல் சர்வர் ஸ்வாப்பில் (ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்தில்) புரள்கிறது, பாவம் டிஸ்க்கின் மேல் பழி விழுகிறது. இடம் தீர்ந்ததா என்பதற்கு 'டிஎஃப் -எச்'. இடம் இருந்தும் கோப்பு உருவாகவில்லையென்றால், கோப்புகளின் எண்ணிக்கை வரம்பு தீர்ந்ததா என்று பார்க்க 'டிஎஃப் -ஐ'.

4. நேற்று என்ன நடந்தது?

'சார்' கட்டளை பழைய பதிவுகளைக் காட்டும். அதற்கு '/இடிசி/டிஃபால்ட்/சிஸ்ஸ்டாட்' கோப்பில் 'எனேபிள்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கி, சிஸ்ஸ்டாட் சேவையை மறுபடி தொடங்குங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும். 'சார் -கியூ' சுமைக்கு, 'சார் -யூ' புராசஸருக்கு, 'சார் -டி' டிஸ்க்குக்கு.

ஒன்று கவனியுங்கள். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆள் நடமாட்டம் இருக்காது என்று இரவு 2 மணிக்குக் குறித்த பேக்கப், கோலாலம்பூரில் கடை திறக்கும் காலை 10 மணிக்கு ஓடி டிஸ்க்கை நெரிக்கும். 'டைம்டேட்சிடிஎல்' கொடுத்து நேர வலயத்தைப் பாருங்கள். யூடிசி என்றிருந்தால் 'சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/கோலாலம்பூர்' கொடுங்கள். ஏசியா, கோலா, லம்பூர் மூன்றின் முதல் எழுத்தும் பெரியது, கோலாவுக்கும் லம்பூருக்கும் நடுவே ஒரு அடிக்கோடு வர வேண்டும். பினாங்கில் இருப்பவர்களுக்கும் இதேதான். மாற்றியதும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் சேவையை மறுபடி தொடங்குங்கள், இல்லையென்றால் அது பழைய நேரத்திலேயே பேக்கப்பை ஓட்டிக்கொண்டிருக்கும்.