டிரிபிள் யூனைட்: உள்நாட்டுப் போர்க் காலத் தங்கக் காசைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் முதலாம் சார்லஸ் மன்னர் நாடாளுமன்றத்தோடு போரிட்ட காலத்தில், 1642 முதல் 1644 வரை, ஷ்ரூஸ்பரி, ஆக்ஸ்ஃபோர்டு நகரங்களில் மன்னர் தரப்பு அடித்த தங்கக் காசு டிரிபிள் யூனைட். மதிப்பு 60 ஷில்லிங், அதாவது மூன்று பவுண்டு. சுத்தியலால் அடித்த ஆங்கிலேயக் காசுகளில் இதைவிட உயர்ந்த மதிப்புள்ளது கிடையாது. இது போர் நடுவே பிறந்த காசு என்பதை மறந்துவிட்டுப் பார்ப்பதால்தான் பல தவறுகள் வருகின்றன.

காசில் இருக்கும் ஆண்டை அப்படியே நம்புவது முதல் தவறு. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறக்கும். ஆக்ஸ்ஃபோர்டு நாணயச்சாலை வேலையைத் தொடங்கியது நம் கணக்கில் 1643 ஜனவரி. அவர்கள் கணக்கில் அது இன்னும் 1642. ஆகவே '1642' என்று பொறித்த ஆக்ஸ்ஃபோர்டு காசைக் காட்டி, 1642 அக்டோபரில் நடந்த எட்ஜ்ஹில் போருக்குச் செலவழித்த பணம் என்று கதை சொன்னால் சிரிப்பார்கள். ஷ்ரூஸ்பரிக் காசிலும் அதே 1642தான் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அச்சின் சின்னச் சின்ன நுணுக்கங்கள். ஷ்ரூஸ்பரிக் காசு மிக மிக அரிது என்பதால், இங்கே குழம்பினால் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மன்னர் முகம் இருந்தால் மன்னர் தரப்புக் காசு என்று முடிவுகட்டுவது அடுத்தது. லண்டன் கோபுரத்தில் இருந்த நாணயச்சாலை நாடாளுமன்றத்தின் கைக்குப் போன பிறகும் அங்கே சார்லஸின் முகத்தோடும் பெயரோடும்தான் காசு அடித்தார்கள். அவரை எதிர்த்துப் போரிட்ட படைக்குச் சம்பளமும் அந்தக் காசில்தான். விசித்திரம்தான், ஆனால் மன்னரின் பெயரால்தான் போரிடுகிறோம் என்றே அவர்களும் சொல்லிக்கொண்டார்கள். சார்லஸும் சளைத்தவரில்லை. டிரிபிள் யூனைட்டின் முன்புறம் ஒரு கையில் வாளும் மறு கையில் ஆலிவ் கிளையுமாக நிற்கிறார். பின்புறம் நடுவில் புராட்டஸ்டன்ட் மதம், இங்கிலாந்தின் சட்டங்கள், நாடாளுமன்றத்தின் சுதந்திரம் ஆகியவற்றைக் காப்பேன் என்ற உறுதிமொழி, லத்தீனில் சுருக்கமாக. அதைச் சுற்றி 68-ஆம் சங்கீதத்தின் தொடக்க வரி: கடவுள் எழட்டும், பகைவர் சிதறட்டும்! அழகுக்காகப் போட்ட எழுத்து என்று இதைத் தாண்டிப் போனால் காசின் பாதிச் சுவை போச்சு.

ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளின் பாத்திரங்களை உருக்கித்தான் இதை அடித்தார்கள் என்பதையும் கேட்கலாம். கல்லூரிகள் கொடுத்தவை பெரும்பாலும் வெள்ளிச் சாமான்கள்; அவை வெள்ளிக் காசாகத்தான் மாறின. டிரிபிள் யூனைட் சந்தையில் புழங்கிய சில்லறையும் இல்லை. நாளுக்கு 8 பென்ஸ் (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்) வாங்கிய காலாட்படை வீரனுக்கு இது 90 நாள் கூலி.

சரி, காசு கைக்கு வந்தால்? எடை சுமார் 27.3 கிராம், 22 காரட். நம் கணக்கில் மூன்றரை சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்காக நகை மாதிரி நினைத்துப் பாலீஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள். மேற்பரப்பு தேய்ந்தால் சேகரிப்பாளர்கள் விலையை இறக்கிவிடுவார்கள், மங்கலைக்கூடத் துடைக்காமல் விடுவதே மேல்.

விளிம்பு கோணலாக இருக்கிறது, எழுத்து ஒருபக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று போலி முத்திரை குத்துவதும் அவசரம். சுத்தியல் காசு அப்படித்தான் இருக்கும். சந்தேகப்பட வேண்டியது வேறு: விளிம்பைச் சுற்றி ஓடும் ஒட்டுக்கோடு, வார்ப்பில் விழும் நுண்குழிகள், ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இரண்டு காசுகள். தங்க முலாம் பூசிய பித்தளை நகல் அதே அளவில் இருந்தாலும் எடை பாதிகூட வராது. எடை சிறிதளவு மட்டும் குறைந்தால் விளிம்பை யாரோ கத்தரித்திருக்கலாம். மேல் விளிம்பில் அடைத்த துளையோ பற்றவைத்த தடமோ தெரிந்தால், யாரோ கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட காசுக்குப் பழுதில்லாத காசின் விலையைக் கொடுக்காதீர்கள்.