பிரிண்டரைச் சும்மா கிடக்க விடாதீர்கள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். கிழமைக்கு நூறு தாளாவது அடிக்க வேண்டிவரும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார், "ரீச்சர், வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கட்டோ? மைச்செலவு கட்டுமோ?" என்று கேட்பார்கள். படலையடியில் நின்று அவர்களுக்குச் சொல்வதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

மாதம் பத்துப் பதினைந்து தாள்தான் தேவை என்றால் வாங்க வேண்டாம். பென் டிரைவைக் கொண்டுபோய்ச் சந்திக் கடையில் அடிப்பதே லாபம். இன்க்ஜெட், அதாவது மை தெளித்து அடிக்கும் பிரிண்டர், பாவித்துக்கொண்டே இருக்க வேண்டிய சாமான். சும்மா கிடந்தால் மை தெளிக்கும் அதன் தலையில் இருக்கும் நுண்ணிய துளைகளில் மை காய்ந்துவிடும்.

வாங்குவது என்று முடிவானால், மெஷினின் விலைக்கு முன்னால் மையின் விலையைக் கேளுங்கள். எச்பி 680 கறுப்புக் காட்ரிஜுக்கு (மைப் பெட்டிக்கு) 480 பக்கம், கலருக்கு 150 பக்கம் என்பது கம்பனிக் கணக்கு. மைத்தாங்கியில் ஊற்றும் எப்சன் 003 கறுப்பு மைப் போத்தல் 65 மில்லிலீற்றர். அதற்கு 4500 பக்கம். கடைக்காரர் சொல்லும் விலையை இந்தப் பக்கத்தொகையால் பிரித்துப் பாருங்கள். பேச்சுக்கு ஒரு போத்தல் 2250 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 50 சதம். காட்ரிஜுக்கும் இதே கணக்கைப் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் 680 போன்ற காட்ரிஜில் ஒரு வசதி உண்டு. அடிக்கும் தலை காட்ரிஜிலேயே இருப்பதால், அடைத்துப்போனால் புதுக் காட்ரிஜோடு புதுத் தலையும் வந்துவிடும். மைத்தாங்கி வைத்த எப்சனில் தலை மெஷினோடு பூட்டியது.

இந்தப் பக்கக் கணக்கு, தாளில் கொஞ்ச இடத்தில் மட்டும் மை படும் என்று வைத்துப் போட்டது. ஆரைச்சிறையை (வட்டத்தின் ஆப்பு வடிவத் துண்டை) நிழற்றிய கேள்வி நாலு இருந்தால் அந்த ஒரு பக்கமே பல பக்கத்து மையைக் குடித்துவிடும். அதனால் நான் இப்போது நிழற்றுவதில்லை, சரிவுக் கோடு போட்டு விடுகிறேன். பயிற்சித்தாள் எல்லாம் மை குறைவாகப் பிடிக்கும் டிராஃப்ட் முறையில்தான். இன்னொன்று, புது மெஷினில் முதலில் ஊற்றும் மையில் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும். முதல் போத்தலை வைத்துச் செலவு பார்க்காதீர்கள்.

சரி, மை வேறு எங்கே போகிறது? அடைப்பை எடுக்க மெஷின் மையாலேயே தலையைக் கழுவத்தான். ஒரு வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து வீடு நிறைந்திருந்தது. வகுப்பை நிறுத்திவிட்டேன். பிரிண்டரை அதன் பொத்தானில் நிற்பாட்டாமல் சுவர்ச் சுவிச்சில் நிற்பாட்டியிருந்தேன். 25 நாள் கழித்துப் போட்டால் கறுப்பே வரவில்லை. பதற்றத்தில் தொடர்ந்து ஏழு தரம் கழுவ விட்டேன். தாங்கியில் மை கண்ணுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இறங்கியது, எழுத்து வரவில்லை. திருத்த வந்த தம்பி சொன்னார்: "ரீச்சர், கழுவக் கழுவ மைதான் போகும். ஒரு இரவு அப்படியே விடுங்கோ, காய்ந்தது ஊறட்டும்." அடுத்த நாள் காலை ஒரே கழுவலில் முக்கால்வாசிக் கோடு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு என் முறை இதுதான். முதலில் நொசில் செக் தாளை, அதாவது துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் தாளை, அடித்துப் பார்ப்பேன். படிக்கட்டு மாதிரி இறங்கும் சின்னக் கோடுகள் அறாமல் இருந்தால் கழுவவே மாட்டேன். மஞ்சள் கோடு மின்குமிழ் வெளிச்சத்தில் பிடிபடாது, முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பார்க்க வேண்டும். கோடு அறுந்திருந்தால் ஒரு கழுவல், திரும்பச் செக், இன்னொரு கழுவல். அப்புறம் ஓர் இரவு ஓய்வு. நிறைய மையை இழுத்துக் கழுவும் பவர் கிளீனிங் என்று ஒன்று இருக்கிறது, அது கடைசி வழி. தாங்கியில் மூன்றில் ஒரு பங்கு மைகூட இல்லாதபோது அதைத் தொடவே கூடாது. கழுவும் மையெல்லாம் அடியில் உள்ள பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்துவிட்டது என்று மெஷின் கணக்கு வைத்து நின்றுவிடும், பிறகு பஞ்சு மாற்றும் செலவு.

எப்போதும் பிரிண்டரின் பொத்தானிலேயே நிற்பாட்டுங்கள். அப்போதுதான் தலை ஓரத்துக்குப் போய் மூடியில் அமரும். அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் தலை நடுவழியில் திறந்தபடி நிற்கும். கரண்ட் வந்த உடனே போட்டு விடுங்கள். 2022இல் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் எனக்கு இதுதான் பெரிய கவலை. அந்த வருட மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு பக்கம் பிழையாக அடித்த தாளையும் எறிவதில்லை, மறுபக்கத்தில் பிள்ளைகள் கணக்குச் செய்வார்கள்.

ஐப்பசி மழை தொடங்கினால் திறந்த தாள் பக்கெற்றை அதன் உறையிலேயே சுற்றி, பொலித்தீன் பைக்குள் கட்டி வைப்பேன். ஈரம் பிடித்த தாள் வளைந்து உள்ளே சிக்கும். தட்டில் அன்றைக்கு வேண்டிய தாள் மட்டும்.

வகுப்பு இல்லாத கிழமைகளில், வெள்ளிக்கிழமை காலையில் நாலு நிறமும் உள்ள ஒரு தாள் அடிப்பேன். பெரும்பாலும் அடுத்த மாத நாட்காட்டி. அது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்படும்.