மைக்கிரோமீற்றரின் பூச்சியத்தில் கைவைக்க முன்

சாமான்களின் தடிப்பை நுணுக்கமாக அளக்கிற மைக்கிரோமீற்றர் பிழை காட்டுகிறது என்று, அதன் பூச்சியத்தைத் திருப்பும் கொக்கிச் சாவியான சி ஸ்பானரையும் தூக்கிக்கொண்டு வருகிற பொடியன்மாரிடம் நான் முதலில் கேட்பது ஒரு வெள்ளைத் தாள். திருகோணமலையில் பூச்சிய வழு, அதாவது மூடினாலும் பூச்சியத்தில் நிற்காமை, என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். உட்துறைமுகத்திலிருந்து வரும் காற்று எங்கள் பட்டறை லேத்தையே ஒரு கிழமையில் துருவேற்றிவிடும், இந்தச் சின்னச் சாமானை விட்டுவைக்குமா?

முன்னும் பின்னும் நகரும் தண்டான ஸ்பின்டிலுக்கும் அதற்கு எதிரே நகராமல் நிற்கும் அன்வில்லுக்கும் நடுவில் தாளை வைத்து, முனையில் இருக்கும் நழுவு திருகியான ரச்சற்றை மெதுவாகத் திருப்புங்கள். தாள் லேசாகப் பிடிபட்டதும் உருவி எடுங்கள். கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் தாள் வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒட்டியிருக்கும் தாள் நாரை வாயால் ஊதவேண்டாம், மூச்சின் ஈரம் போதும் துருப்பிடிக்க. நார் உதிராத சுத்தமான துணியால் துடையுங்கள்.

அடுத்தது சூடு. நீள அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே 20 பாகைக்கு எங்கே போவது? பரவாயில்லை. உருக்கு மைக்கிரோமீற்றரும், அதைச் சோதிக்க வைக்கும் திட்டமான நீளமுள்ள உருக்கு அளவுக்கட்டையும் ஒரே மேசையில் ஒரு மணித்தியாலம் கிடந்தால் இரண்டும் ஒரே வீதத்தில் விரிந்திருக்கும், வித்தியாசம் தெரியாது. ஆபத்து உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது. 75 மில்லிமீற்றர் உருக்குக் கோல் 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.009 மில்லிமீற்றர் நீளும். கோடுகள் போட்ட சுழலும் உறையான திம்பிளில் கிட்டத்தட்ட ஒரு கோடு அது, ஒரு கோடு என்றால் 0.01 மில்லிமீற்றர். மைக்கிரோமீற்றரின் வளைந்த சட்டத்தில் பிளாஸ்ரிக் தகடு பதித்திருப்பது அழகுக்கல்ல, அங்கேதான் பிடிக்க வேண்டும். அலுமினியப் பிஸ்டன் அளக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அது உருக்கைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும்.

சரி, இப்போது பூச்சியம். 0 முதல் 25 மில்லிமீற்றர் மைக்கிரோமீற்றர் என்றால் வெறுமனே மூடுங்கள். 25 முதல் 50 என்றால் பெட்டியில் கூடவே வந்த 25 மில்லிமீற்றர் கோலை நடுவில் வையுங்கள். ரச்சற் மூன்று தரம் 'டிக்' என்று நழுவட்டும், வேகமாகச் சுழற்ற வேண்டாம். விலக்கி, மறுபடியும் மூடிப் பாருங்கள். சில தரம் செய்தும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு வந்தால் பூச்சியத்தைத் தொடாதீர்கள், அங்கே குறை வேறு. திருகில் ஆட்டம் இருக்கலாம். ஸ்பின்டிலை முழுதாகக் கழற்றினால், திம்பிளுக்குள் இருக்கும் அளவுக்கோடு போட்ட குழாயான ஸ்லீவின் பின்பக்கம் ஒரு சரிசெய் நட் தெரியும். மரையைச் சுத்தம் செய்து தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு, அந்த நட்டை மயிரிழை அளவு இறுக்குங்கள். திம்பிள் முழு ஓட்டத்திலும் இறுக்கமில்லாமல் சுழல வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாள்போகப் போக அது பசையாகிவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் பிசகுகிறது என்றால் சி ஸ்பானருக்கு வேலை வந்துவிட்டது. 0.01 மில்லிமீற்றர் வரையான பிசகு என்றால், மூடிய நிலையிலேயே ஸ்பின்டிலைப் பூட்டி, ஸ்லீவின் பின்புறத்துத் துளையில் ஸ்பானரின் முனையைக் கொளுவி, ஸ்லீவில் உள்ள நெடுங்கோடு திம்பிளின் பூச்சியத்துக்கு நேராக வரும்வரை ஸ்லீவைத் திருப்புங்கள். அதைவிடக் கூடிய பிசகை ஸ்லீவால் எடுத்தால் அளவுக்கோடுகள் ஒரு பக்கமாகப் போய் வாசிக்கக் கஷ்டம். அப்போது ஸ்பின்டிலைப் பூட்டி ரச்சற்றைத் தளர்த்துங்கள். திம்பிளை ரச்சற் பக்கமாக இழுத்தால் அது பிடி விடும். அதைப் பூச்சியத்துக்குத் திருப்பி ரச்சற்றை இறுக்குங்கள். மிச்சம் இருக்கிற சிறு பிசகை ஸ்லீவால் எடுக்கலாம். பூட்டைத் திறந்து இன்னொரு தரம் பார்க்காமல் விடாதீர்கள், பூட்டும்போதே ஸ்பின்டில் கொஞ்சம் நகரக்கூடும்.

பூச்சியம் சரியானதும் பெட்டியை மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். அதில்தான் எனக்குக் கோபம். பூச்சியம் என்பது ஒரு புள்ளி. நீங்கள் அளக்கிற ஷாப்ட் 17 மில்லிமீற்றரில் இருக்கும். நாள் முழுக்க ஒரே அளவு ஷாப்ட் அளக்கிற பட்டறையில் மரை அந்த இடத்தில் மட்டும் தேயும். இதைப் பிடிக்கத்தான் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15, 17.6, 20.2, 22.8, 25 என்று விசித்திரமான அளவில் கட்டைகள் விற்கிறார்கள். திம்பிளின் ஒரு முழுச் சுற்று 0.5 மில்லிமீற்றர் என்பதால், முழு எண் கட்டைகளை மட்டும் வைத்தால் திம்பிள் எப்போதும் பூச்சியத்திலேயே வந்து நிற்கும், மற்றக் கோடுகள் சோதிக்கப்படாமலே போகும். 5.1 கட்டையில் அது 10ஆம் கோட்டில் நிற்கும், 7.7 கட்டையில் 20இல். இப்படிச் சுற்றின் வெவ்வேறு இடங்களைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஸ்பின்டில், அன்வில் முகங்கள் சமாந்தரமா என்று பார்க்க ஒரு நல்ல பெயரிங் குண்டு போதும். நடுவிலும் நாலு ஓரத்திலும் வைத்து அளங்கள். அளவு மாறினால் முகம் தேய்ந்திருக்கிறது அல்லது சரிந்திருக்கிறது.

நடு அளவுகளில் ஒரு கோட்டுக்கு மேல் பிசகு வந்தால் எந்த ஸ்பானராலும் சரிவராது. நான் அப்படிப்பட்டதில் சிவப்பு ஒட்டுநாடா சுற்றி, பருமட்டான முதல் வெட்டுக்கு மட்டும் லேத் பக்கம் வைத்துவிடுவேன். பெயரிங் இருக்கைக்கு அது ஆகாது. வேலை கொடுப்பவர் சான்றிதழ் கேட்டால் மேசையில் செய்த இந்தச் சோதனை செல்லாது, முறையான அளவுத்திருத்த ஆய்வுகூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பும்போது முகங்களைச் சற்று விலக்கி, மெல்லிய எண்ணெய் பூசி, பூட்டைத் திறந்தே விடுங்கள்.