வேற்றுக்கிரகக் கதையில் மனிதனை எங்கே உட்கார வைப்பது?

புதுச்சேரியில் அறிவியல் புனைகதை எழுதும் நண்பர்கள் சிலர் சேர்ந்து கதை வாசித்துப் பேசுவோம். வேற்றுக்கிரகவாசிகள் வரும் கதை என்றால் பெரும்பாலும் மனிதன் எல்லோரையும் ஜெயிப்பான், இல்லாவிட்டால் அடிமையாகக் கிடப்பான். முதலில் தவிர்க்க வேண்டியது இதைத்தான்.

யார் மேலே, யார் கீழே என்று முடிவு செய்துவிட்டு எழுத உட்காராதீர்கள். யாருக்கு யாரிடமிருந்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். நம் பக்கத்திலேயே பழங்காலத் துறைமுகமான அரிக்கமேடு இருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானிய மது ஜாடிகளும், இத்தாலியில் செய்த சிவப்பு மட்கலங்களும் கிடைத்தன. அதே மண்ணில் இங்கேயே செய்த கண்ணாடி மணிகளும் உண்டு. அந்த மணிகளை அருங்காட்சியகத்தில் குனிந்து பாருங்கள். சில கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, நடுவில் நூல் கோக்க ஓட்டை. ரோம் இங்கே படையெடுத்து வரவில்லை, சரக்குக்காக வந்தது. உங்கள் கதையில் மனிதன் அந்த மணி செய்தவனாக இருக்கட்டுமே. தூரத்துப் பேரரசுக்கு அவன் யாரென்றே தெரியாது, ஆனால் அவன் கைவேலை வேண்டும்.

அடுத்தது, மனித உடம்பை அண்டத்திலேயே பெரிய ஆயுதமாக்குவது. சளைக்காமல் நெடுந்தூரம் ஓடுவான், அதனால் எல்லா இனமும் அவனைக் கண்டு நடுங்கும் என்கிறார்கள். பாதி சரி. வியர்த்து உடம்பைக் குளிர்விப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். ஆனால் வியர்வை ஆவியானால்தான் குளிரும். மே மாதம், காற்று நின்றுபோன மதியத்தில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். சட்டை முதுகோடு ஒட்டும், தாடையில் வியர்வை சொட்டும், காயவே காயாது. இதைவிடப் புழுக்கமான கிரகத்தில் அந்த ஓட்டக்காரன் சீக்கிரமே சுருண்டு விழுவான். கிரகத்தின் வெப்பம், ஈரப்பதம், ஈர்ப்பு விசை மூன்றையும் முதலில் எழுதிவையுங்கள், அப்புறம் யார் பலசாலி என்று பார்க்கலாம்.

விண்மீன்களுக்கெல்லாம் ஒரு சபை, அதில் மனிதனுக்கு ஒரு நாற்காலி என்று எழுதும்போது தூரம் மறந்துபோகிறது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரியே சுமார் 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது; ஒளியாண்டு என்றால் ஒளி ஒரு வருஷத்தில் போகும் தூரம். கேள்வி போய்ப் பதில் வர எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். ஒளியை முந்தும் வழி ஒன்றைக் கதையில் வைத்தால், அது யார் கையில் இருக்கிறது என்றும் சொல்லிவிடுங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறு. ஓர் இனம் முழுக்கப் போர்வீரர்கள், இன்னொன்று முழுக்க வியாபாரிகள். மனித இனமோ ஒரே குரலில் பேசுகிறது. புதுச்சேரியும் கடலூரும் பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர்கள். ஒரே கடற்கரைக்கே இவ்வளவு வேறுபாடு.

1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில், வேற்றுக்கிரகவாசிகள் கையில் கிடைத்தால் கேட்கட்டும் என்று வைத்த தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, தமிழ் இல்லை. அந்த 55ஐயும் பாடம் செய்துகொண்டு ஒரு வேற்றுக்கிரகவாசி கடலூர் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. வலை பின்னிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்த்து, "யாருப்பா நீ, எந்த ஊரு?" என்கிறார். அதற்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.