பெட்டியை மூடிவிட்டுக் கேளுங்கள்

சிகரெட் பெட்டியை முகத்துக்கு நேரே நீட்டி, "இந்தப் படத்தைப் பார்த்த பிறகுமா பிடிக்கிறீர்கள்?" என்று கேட்பதால் ஒன்றும் நடக்காது. உங்கள் அப்பாவோ கணவரோ அந்தப் படத்தை உங்களைவிட அதிக முறை பார்த்தவர். நான் ஒரு நூற்பாலையின் முதலுதவி அறையில் செவிலியாக இருக்கிறேன். ரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர்களின் சட்டைப் பையில் பெட்டி துருத்திக்கொண்டு தெரியும். அதை வெளியே எடுக்கச் சொல்வதில்லை. உள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வியை ஆரம்பிப்பேன். அதில் என்ன படம் இருக்கிறது? என்ன எழுதியிருக்கிறது? ஒரு தொலைபேசி எண் இருக்கிறதே, அது எதற்கு?

படத்தைச் சொல்லிவிடுகிறார்கள். "தொண்டையில் பெரிய புண், சிஸ்டர்." எழுத்தைக் கேட்டால் பெரும்பாலும் சினிமாக் கொட்டகையில் கேட்ட வரிதான் வருகிறது. எண்ணைக் கேட்டால், "சிகரெட் சரியில்லையென்றால் கம்பெனிக்குப் புகார் சொல்வதற்கு" என்கிறார்கள். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள், உடனே திருத்தவும் வேண்டாம். எது நினைவில் இருக்கிறது, எது இல்லை என்பதை அவர் வாயாலேயே தெரிந்துகொண்டுவிட்டீர்கள். அடுத்த பேச்சு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

படம் மட்டும் நினைவில் இருப்பதில் வியப்பில்லை. நம் நாட்டின் 1975-ஆம் ஆண்டு சிகரெட் சட்டம் கேட்டதெல்லாம் பெட்டியில் ஒரு வரி. 2009 மே 31 முதல் படம் வந்தது. 2016 ஏப்ரல் 1 முதல் பெட்டியின் இரு முகங்களிலும் 85 சதவீதம் இடத்தை எச்சரிக்கை பிடித்துக்கொண்டது. அதில் 60 படத்துக்கு, 25 எழுத்துக்கு. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் புகைபிடிக்கும் 200 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2012-இல் வெளியானது. வெறும் எழுத்து எச்சரிக்கையைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். படத்தோடு சேர்த்துப் பார்த்தவர்களில் 83 சதவீதம் பேர் சொன்னார்கள். கண் எங்கே போகிறது என்பதையும் கருவி வைத்துப் பார்த்தார்கள். எழுத்தின்மேல் கண் எவ்வளவு சீக்கிரம் விழுந்ததோ, படத்தின்மேல் எவ்வளவு நேரம் தங்கியதோ, அந்த அளவுக்கு நினைவும் நன்றாக இருந்தது.

ஆனால் அது பார்த்த கையோடு கேட்ட கேள்வி. நம்மிடம் வருகிறவர் இருபது வருடமாகப் பிடிப்பவர். அவருக்கு அந்தப் படம் வீட்டுச் சுவரில் மாட்டிய பழைய காலண்டர். ஆண்டுதோறும் படத்தை மாற்ற வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். புதுப் படம் கடைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்த வாரத்தைத் தவற விடாதீர்கள். அப்போதுதான் கண் மறுபடியும் அதில் நிற்கும். "போன படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பெட்டியே வாங்காதவர்களை என்ன செய்வது? எங்கள் கேட்டுக்கு எதிரே உள்ள கடையில் ஒற்றை சிகரெட்டாகத்தான் வாங்குகிறார்கள். பெட்டி கடைக்காரர் கையில் இருக்கிறது. படத்தை தினமும் பார்ப்பவர் அவர்தான், பாவம், அவர் பிடிப்பதுகூட இல்லை. பீடிக்கட்டின் தாளோ முதல் பீடியை உருவும்போதே கிழிந்துவிடுகிறது. கனடாவில் 2023-இல் தொடங்கி ஒவ்வொரு சிகரெட்டின்மீதும் எச்சரிக்கையை அச்சடிக்கிறார்கள். நமக்கு அது வரும்வரை ஒரு துண்டுச் சீட்டு போதும். அதில் என்ன எழுதுவது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அவரையே எழுதச் சொல்லுங்கள், அவர் கையெழுத்தில். மடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

அதில் என்ன எழுதுவார்? புற்றுநோய் என்று எழுதுவார். இங்கேதான் எனக்கு அந்தப் பெட்டியின்மேல் வருத்தம். நம் ஊர்ப் படங்கள் பெரும்பாலும் வாய், தொண்டைப் புற்றையே காட்டியிருக்கின்றன. அதனால் நினைவிலும் அந்த ஒரே நோய்தான் உட்கார்ந்திருக்கிறது. "எனக்கு வாயில் புண் இல்லை, சிஸ்டர், நான் பாக்கு போடுவதில்லை" என்று நிம்மதியாகச் சொல்கிறவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், காசநோய், கால்விரல் கறுத்து அழுகிப்போவது, ஆண்மைக் குறைவு எதற்கும் சிகரெட்டோடு தொடர்பு இருப்பது நினைவுக்கு வருவதில்லை. ஆஸ்திரேலியப் பெட்டிகளில் அழுகிய காலும் பார்வையிழந்த கண்ணும்கூட இடம்பெற்றிருக்கின்றன. அங்கே பிடிப்பவருக்கு வேறு பட்டியல் மனத்தில் இருக்கும்.

ஆகவே, பெட்டி சொல்லாததைச் சேர்க்க வேண்டியது உங்கள் வேலை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் எதுவும் தங்காது. ஒன்றை மட்டும் எடுங்கள். அது அவர் உடம்பில் ஏற்கெனவே தெரிகிற ஒன்றாக இருக்கட்டும். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை பார்க்கிறவரிடம் நான் இருமலைப் பற்றிப் பேசுவேன். பஞ்சுத்தூசி ஒரு பக்கம் நெஞ்சை அடைக்கிறது, புகை மறுபக்கம். இரண்டும் சேர்ந்தால் நுரையீரல் கெடுவது விரைவாகும் என்பது அவருக்கு ஷிப்ட் முடிந்து படியேறும்போதே புரிகிற விஷயம். பாதம் குளிர்கிறது, நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது என்பவரிடம் கால் ரத்தக்குழாயைச் சொல்வேன். சர்க்கரை உள்ளவரிடம் இதைச் சொல்லாமல் விடவே மாட்டேன். "உங்கள் இருமல் எத்தனை மணிக்கு வருகிறது, அண்ணே?" என்று கேட்டால் போதும், பாதியை அவரே சொல்லிவிடுவார். அவர் சொன்னதைத்தான் சீட்டில் எழுத வேண்டும்: "காலை ஐந்து மணி இருமல்" என்று. பெட்டியில் யாருடையதோ தெரியாத தொண்டை இருக்கிறது. சீட்டில் இருப்பது அவருடைய நெஞ்சு.

எழுதியதோடு விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் அதுவும் காலண்டர் ஆகிவிடும். மறுபடி கேட்க வேண்டும், காட்டக் கூடாது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து நினைவு நன்றாக இருந்தது. படித்ததை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ, ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முந்திக்கொண்டார்கள். நான் சம்பள நாளில் கேட்பேன். அன்று எல்லோரும் அறைப் பக்கம் வருவார்கள், மனமும் கொஞ்சம் இளகியிருக்கும். வீட்டில் கேட்பதானால் சாப்பாட்டு நேரம் வேண்டாம், பிள்ளைகள் முன்னால் வேண்டவே வேண்டாம். அவமானம்தான் மிஞ்சும், கேள்வி மறந்துபோகும்.

பயத்தை மட்டும் நினைவில் ஏற்றிவிட்டு எழுந்துபோகாதீர்கள். வழி தெரியாமல் பயம் மட்டும் இருந்தால் மனிதன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். படம் தெரியாதபடி பெட்டியைக் கவிழ்த்துப் பையில் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாடு தழுவிய கணக்கெடுப்பில் 2016-17-இல், சிகரெட் பிடிப்பவர்களில் 61.9 சதவீதம் பேர் பெட்டியின் எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிடலாமா என்று நினைத்ததாகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய 2009-10 கணக்கெடுப்பில் அது 38 சதவீதம். நினைப்பதற்கு ஆள் இருக்கிறார்கள். நினைப்பு வரும் அந்த நேரத்தில் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு லாபக் கணக்கைக் கூடவே கொடுங்கள். இங்கிலாந்தில் 1951-இல் தொடங்கி மருத்துவர்களையே அரை நூற்றாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது. 60 வயதில் விட்டவருக்கு சுமார் 3 ஆண்டு ஆயுள் கூடுகிறது, 50-இல் விட்டால் 6, 40-இல் 9, 30-இல் 10. ஐம்பது வயதுக்காரரிடம், "ஆறு வருட பென்ஷனைக் கம்பெனிக்காரனுக்கு விட்டுக்கொடுக்கப் போகிறீர்களா?" என்று கேட்டால் சிரிக்கிறார்கள். அடுத்த மாதம் நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஆறு வருடம், தெரியும் சிஸ்டர்" என்று அவர்களே சொல்கிறார்கள்.

சீட்டின் பின்பக்கம் எண்ணை எழுதச் சொல்லுங்கள்: 1800-11-2356. 2018 செப்டம்பர் முதல் பெட்டியில் அச்சாகிற அதே எண்தான். புகார் எண் அல்ல, விடுவதற்கு உதவும் அரசின் இலவச ஆலோசனை எண். தமிழிலும் பேசலாம். காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள், திங்கட்கிழமை விடுமுறை. முதல் அழைப்பில் அவர் தடுமாறுவார். எத்தனை வருடப் பழக்கம், ஒரு நாளைக்கு எத்தனை, எழுந்தவுடன் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்ற மூன்றையும் முன்கூட்டியே சீட்டில் குறித்துவைத்தால் பேச்சு நிற்காது. இரண்டாம் ஷிப்ட்காரர்களுக்குக் காலை பத்து மணி தோது. அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள், கூச்சமில்லாமல் பேசலாம்.