கேள்வியிலேயே இருக்கும் தவறு: வேற்றுப் பண்பாட்டுக் கலைஞர்களை நேர்காணும்போது தவிர்க்க வேண்டியவை

பாலக்காட்டுப் பகுதியின் பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும் இரவுகளில் கூத்துமாடத்துத் திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் எரியும். புலவர்கள் என்று அழைக்கப்படும் கலைஞர்கள் கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடுவார்கள். அதற்குத் தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் உரை சொல்லி, வாதம் செய்து, விடியும்வரை கதையை நடத்துவார்கள். எதிரே இருக்கும் திடலில் பல இரவுகளில் ஒருவர்கூட இருப்பதில்லை. எழுத வருகிற நிருபரின் வாயில் முதலில் வருவது இதுதான்: "பார்க்க ஆளே இல்லையே, வருத்தமாக இல்லையா?"

ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். அந்த யுத்தத்தைக் காணத் தவறிய அவளுக்காகவே ஆண்டுதோறும் கூத்து நடக்கிறது என்பது அங்குள்ள ஐதிகம். ஆகவே பார்ப்பவள் எதிரேதான் இருக்கிறாள். இதை அறியாமல் கேட்கிறவரிடம் கலைஞர் சண்டை போடமாட்டார். "ஆமாம், இப்போது கூட்டம் குறைந்துவிட்டது" என்று மரியாதையாகச் சொல்வார். மறுநாள் "அழிந்துவரும் கலை" என்ற தலைப்பில் கட்டுரை வெளியாகும். கலைஞருக்குப் பணக் கவலை இருக்கலாம், அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ள வரவில்லை என்ற கவலையும் இருக்கலாம். அவை உண்மையான பிரச்சினைகள். தனியாகக் கேட்கப்பட வேண்டியவை. ஆனால் அரங்கு, டிக்கெட், கைதட்டல் என்ற நம் அளவுகோலை அந்தத் திடலில் கொண்டுபோய் வைத்ததால், அந்தக் கலை எதற்காக இருக்கிறது என்பதே கட்டுரையில் இடம்பெறாமல் போய்விட்டது.

இன்னொரு பண்பாட்டின் கலைஞரோடு பேசுவது, அந்த மக்களைப் புரிந்துகொள்ள இருக்கிற நல்ல வழிகளில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் இத்தகைய நேர்காணல்களில் பதில் பிழையாவதைவிடக் கேள்வி பிழையாவதே அதிகம். கேள்விக்குள் கேட்பவரின் உலகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பதில் வந்த பிறகும் அந்தக் கேள்வி துளியும் மாறவில்லை என்றால் அங்கே புரிதல் நடக்கவில்லை.

ஒருவர் வாயில் ஓர் இனத்தையே கேட்பது

இந்தத் தவறுக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 1946இல் பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் கிரியோல், இன்று மாலி என்று அழைக்கப்படும் நாட்டில், பாண்டியகாராப் பாறைச் சரிவுகளில் வாழும் டோகோன் மக்களிடையே ஒகொதெம்மேலி என்ற கண்பார்வையற்ற முதிய வேட்டைக்காரரைச் சந்தித்தார். 33 நாட்கள் உரையாடல் நடந்தது. உலகம் எப்படிப் படைக்கப்பட்டது, நெசவுக்கும் பேச்சுக்கும் என்ன தொடர்பு, தானியக் களஞ்சியத்தின் வடிவத்தில் என்ன அடங்கியிருக்கிறது என்று முதியவர் விரித்துச் சொன்னார். 1948இல் அது நூலாக வந்தபோது ஐரோப்பிய வாசகர்கள் வியந்து போனார்கள். ஆப்பிரிக்க மக்களுக்குத் தத்துவம் கிடையாது என்ற காலனிய அகந்தையை அந்த நூல் ஓங்கி அடித்தது. அந்தப் பெருமையை அதிலிருந்து யாரும் பறிக்க முடியாது.

ஆனால் பல்லாண்டுகள் கழித்து அதே மக்களிடையே நீண்ட காலம் ஆய்வு செய்த டச்சு மானிடவியலாளர் வால்டர் வான் பேக், 1991இல் ஓர் அதிர்ச்சியான முடிவை வெளியிட்டார். கிரியோல் பதிவு செய்த படைப்புக் கதையைத் தான் சந்தித்த டோகோன் மக்களில் யாரும் அறிந்திருக்கவில்லை என்றார். காலனிய ஆட்சிக் காலத்தில் செல்வாக்கு மிக்க ஒரு வெள்ளையர் வற்புறுத்திக் கேட்கும்போது அவருக்கு உகந்த விதமாகப் பதில் சொல்வதும், எதிர்த்துப் பேசாத டோகோன் மரியாதைப் பண்பும் சேர்ந்து இந்தக் கதையை வளர்த்திருக்கின்றன என்பது அவர் வாதம். கிரியோலின் மகளும் ஆய்வாளருமான ஜெனவியவ் காலாம் கிரியோல் இதைக் கடுமையாக மறுத்தார். ஆழ்ந்த அறிவு எல்லோருக்கும் சொல்லப்படுவதில்லை, வான் பேக்குக்கு அது திறக்கவில்லை என்பது அந்தத் தரப்பு. வாதம் இன்னும் தீரவில்லை.

என் கருத்து இது: ஒகொதெம்மேலி பொய் சொன்னார் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. அவர் சிந்திக்கிற மனிதர். தன் மரபிலிருந்து எடுத்து, தானே கோத்து, தானே விரித்துச் சொல்லியிருக்கக்கூடும். அப்படியானால் அது ஒரு பெரிய தனிமனிதப் படைப்பு. அதை "டோகோன் மக்கள் நம்புவது" என்று எழுதியபோது இரண்டு அநீதிகள் நடந்தன. அந்த மக்கள் தாங்கள் சொல்லாததைச் சொன்னவர்கள் ஆனார்கள். அந்த முதியவர் தன் சிந்தனைக்கு உரிமை இல்லாதவர் ஆனார். ஆகவே "உங்கள் மக்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?" என்று தொடங்காதீர்கள். "நீங்கள் இதை யாரிடம் கற்றீர்கள்? உங்கள் ஊரில் இதை வேறு விதமாகச் சொல்பவர் உண்டா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வருகிற பெயரைத் தேடிப் போய் அவரையும் பாருங்கள். முடிந்தால் பெண்களிடமும் கேளுங்கள். பண்பாட்டைப் பற்றிப் பேச முன்வருகிறவர்கள் பல இடங்களில் ஆண்களாகவே இருக்கிறார்கள்.

கேட்பவர் யார் என்பதை மறப்பது

1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம், அடிமை வாழ்விலிருந்து மீண்ட முதியவர்கள் 2,300க்கும் மேற்பட்டோரின் நினைவுகளைப் பதிவு செய்தது. பாடல், உணவு, வழிபாடு, கதை என்று கறுப்பின மக்களின் பண்பாட்டுக்கு இன்றும் பெரிய ஆதாரமாக இருக்கும் தொகுப்பு அது. அதில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியின் நேர்காணல்கள் இருக்கின்றன. வெள்ளையினப் பெண் ஒருவர் வந்து கேட்டபோது, தன் எஜமானர் நல்லவர் என்று சொன்னார். கேட்க வந்தவரை நிவாரண அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்று அவர் நினைத்திருந்தார். கறுப்பினத்தவரான இன்னொரு பதிவாளர் கேட்டபோது, அதே மூதாட்டி சாட்டையடிகளைப் பற்றியும் கொடுமைகளைப் பற்றியும் விரிவாகப் பேசினார்.

இதில் எது உண்மை என்று மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. இரண்டு நேர்காணல்களிலும் ஹாம்லின் எதிரே இருப்பவரை அளந்துதான் பேசினார். நம்மையும் அப்படித்தான் அளப்பார்கள். நம் சாதி, மதம், நிறம், வேலை, நம்மோடு வந்தவர், நாம் வந்து இறங்கிய வாகனம், எல்லாமே நாம் கேட்பதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடுகின்றன. நகரத்துச் சபா ரசிகர் பறையிசைக் கலைஞரிடம் போகும்போதும் இது நடக்கும். தமிழர் ஒருவர் நாகாலாந்து நெசவாளரிடம் போகும்போதும் நடக்கும். இதை முழுவதுமாகக் களைய முடியாது. ஆனால் நாம் யார், எதற்காக வந்தோம், இந்தப் பதிவு எங்கே போகும் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடலாம். கட்டுரையிலும், யார் கேட்டபோது இது சொல்லப்பட்டது என்பதை வாசகருக்குத் தெரிவிக்கலாம்.

மொழிபெயர்ப்பாளரைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிடுவதும் இதே வகைத் தவறுதான். ஒகொதெம்மேலிக்கும் கிரியோலுக்கும் நடுவில் கோகெம் என்ற டோகோன் சார்ஜென்ட் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1962இல் பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ இன்னொரு இயக்குநரான ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கிடம் நாள்கணக்கில் கேட்ட புகழ்பெற்ற நேர்காணலில் ஹெலன் ஸ்காட் நடுவில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் இருபுறமும் கடத்தினார். மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் போடுவது நன்றிக்காக மட்டுமல்ல. வாசகர் படிப்பது எத்தனை கைகள் மாறி வந்தது என்று தெரிவதற்காகவும்தான்.

"இதற்கு என்ன அர்த்தம்?" என்று விடாமல் கேட்பது

வாசலில் கோலம் போடுகிற பெண்ணிடம் வெளிநாட்டு விருந்தினர் "இந்த வடிவத்தின் பொருள் என்ன?" என்று கேட்டால், "எங்கள் அம்மா இப்படித்தான் போடுவார்" என்ற பதில் வரலாம். அது முழுமையான பதில். வற்புறுத்தினால் அந்தப் பெண் எங்கோ படித்த விளக்கம் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். கேட்டவரும் மகிழ்ந்து போவார். கையால் அறிந்ததைச் சொல்லால் கேட்பதைவிடக் கையாலேயே காட்டச் சொல்வது மேல். 1938இல் நாட்டுப்புற இசையைப் பதிவு செய்துவந்த ஆலன் லோமாக்ஸ், ஜாஸ் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பியானோவின் முன்னால் உட்காரவைத்துப் பேசவிட்டார். மார்ட்டன் வாசித்துக்கொண்டே பேசினார், பேசிக்கொண்டே வாசித்தார். ஜாஸுக்கு முந்தைய பியானோ இசைவகையான ராக்டைமில் ஒரே மெட்டை மிசௌரிக்காரர்கள் எப்படி வாசிப்பார்கள், நியூ ஆர்லியன்ஸில் தான் எப்படி மாற்றினார் என்பதை விரல்களாலேயே காட்டினார். எத்தனை கேள்விகள் கேட்டிருந்தாலும் அது கிடைத்திருக்காது.

அதே மார்ட்டன் அந்த ஆண்டில் ஓர் இசை இதழுக்கு எழுதிய கடிதத்தில், 1902இல் ஜாஸை உருவாக்கியது தானே என்று உரிமை கொண்டாடினார். அவருடைய ஞானஸ்நானப் பதிவின்படி அவர் பிறந்தது 1890. கலைஞர் சொல்கிற ஆண்டுகளை அப்படியே வரலாறாக அச்சிடக் கூடாது, சரிபார்க்க வேண்டும். அதற்காக அந்த உரிமைக்குரலைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. தன் இசையால் பிறர் பணம் பார்த்தார்கள் என்று நம்பிய ஒரு மனிதரின் மனக்குறை அதில் ஒலிக்கிறது.

அர்த்தம் கேட்பதில் இன்னும் கனமான ஆபத்து ஒன்று இருக்கிறது. 1971இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பப்புன்யா குடியேற்றத்தில், ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியரின் ஊக்கத்தால் பழங்குடி முதியவர்கள் தங்கள் சடங்கு வடிவங்களைப் பலகைகளில் தீட்டத் தொடங்கினார்கள். அந்தத் தொடக்க கால ஓவியங்கள் சிலவற்றில், சடங்கு பெற்ற ஆண்கள் மட்டுமே காணவேண்டிய வடிவங்கள் இருந்தன. அவை பொதுவில் காட்டப்பட்டபோது பிற பழங்குடிக் குழுவினர் கொதித்தெழுந்தார்கள். அதன்பின் ஓவியர்கள் அந்த வடிவங்களைத் தவிர்த்தார்கள் அல்லது மறைத்தார்கள். அவர்களின் ஓவியங்களில் புள்ளிகள் பரவலாக நிரம்பியதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த ஆரம்பகால ஓவியங்களில் சிலவற்றை அருங்காட்சியகங்கள் இன்றும் பொதுப் பார்வைக்கு வைப்பதில்லை. "அதைச் சொல்லக் கூடாது" என்று ஒரு கலைஞர் சொன்னால், அதுவே உங்கள் நேர்காணலின் மிக முக்கியமான தகவலாக இருக்கலாம். எது மறைக்கப்படுகிறது, யாரிடமிருந்து, யார் சொல்ல உரிமை உள்ளவர் என்பதை அவர் விரும்பினால் விளக்கட்டும். சுற்றி வளைத்துக் கேட்டு அந்த ரகசியத்தைக் கறப்பது திருட்டு.

நம் ஊரோடு ஒப்பிட்டு முடித்துவிடுவது

எழுதும் மேசையில் நடக்கும் தவறு இது. ஜாவாத் தீவின் வயாங் குலித் நிழற்கூத்தைப் பார்த்துவிட்டு "அவர்களுடைய தோல்பாவைக்கூத்து" என்று ஒரே வரியில் முடிப்போம். வாசகருக்கும் எளிதாக இருக்கும். ஆனால் ஜாவாவில் தலாங் என்னும் ஒரே கலைஞர் எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாக் குரல்களையும் பேசி, கேமலான் இசைக்குழுவையும் வழிநடத்துகிறார். பாலக்காட்டில் புலவர்கள் பலர் சேர்ந்து ஒருவரோடொருவர் வாதம் செய்கிறார்கள். ஒரே ராமாயணம் இரண்டு இடங்களிலும் நிழலாக விழுந்தாலும், ஓரிடத்தில் ஒருவரின் ஆற்றலும் இன்னோரிடத்தில் குழுவின் புலமையும் கலையைத் தாங்குகின்றன. ஒப்பீடு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கலைஞரின் பேச்சைத் திருத்தி எழுதுவதிலும் கவனம் வேண்டும். கொச்சையாகக் காட்டிக் கேலிப்பொருள் ஆக்குவதும் தவறு, எல்லோரையும் ஒரே பேராசிரியர் நடையில் பேசவைப்பதும் தவறு. தலைப்பு வைப்பதற்கு முன் அதை அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று யோசிக்காதது

1966இல் அரிசோனாவின் பைன் ஸ்பிரிங்ஸில், நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி இளைஞர்களுக்குப் படமெடுக்கக் கற்றுத்தர சோல் வொர்த், ஜான் அடேர் என்ற இரு ஆய்வாளர்கள் அனுமதி கேட்டுப் போனார்கள். சாம் யாசி என்ற மருத்துவப் பெரியவர் கேட்டார்: படமெடுப்பதால் ஆடுகளுக்குக் கெடுதல் உண்டா? இல்லை என்றார்கள். ஆடுகளுக்கு நன்மை உண்டா? அதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் ஏன் படமெடுக்க வேண்டும் என்றார் பெரியவர்.

நேர்காணல் செய்யப் போகும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். சில ஏற்பாடுகள் எளியவை. கலைஞரின் ஒரு நாள் கூலியை நேர்காணல் விழுங்கினால் அதை ஈடு செய்யுங்கள். எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது, இறந்தவர்களின் பெயரும் படமும் வரலாமா என்பதை முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பலரிடம் இது கட்டாயம் கேட்கவேண்டிய ஒன்று. லோமாக்ஸ் 1983இல் நிறுவிய பண்பாட்டுச் சமநீதிச் சங்கம், அவர் பதிவு செய்த இசையின் பிரதிகளை அவை பதிவான ஊர்களுக்கே திருப்பிக் கொடுத்து வருகிறது. பல பத்தாண்டுகள் காத்திருக்காமல் நாம் அதை அதே வாரத்தில் செய்யலாம். முழு ஒலிப்பதிவும் வெளியான கட்டுரையும் கலைஞரின் வீட்டில் இருக்கும் கைபேசியில் திறக்கிற வடிவத்தில் இருக்கட்டும். கட்டுரை அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தால், அவருக்குத் தெரிந்த மொழியில் யாராவது அதை உரக்கப் படித்துக் காட்டட்டும். அவர் சொல்லும் திருத்தங்களைக் கட்டுரையில் சேருங்கள்.